ஊர்விட்டு ஊர் போகும் தார் பிளான்ட்

2022 ஜூன் 3, காலை 7.27. மகாராஷ்டிரத்தில் அமராவதிக்கும் அகோலாவுக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 53-இல் தார் போட ஆரம்பித்தார்கள். இரவு பகல் பார்க்காமல் போட்டு, ஜூன் 7 மாலை 5 மணிக்கு நிறுத்தியபோது 75 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தடம் முழுசாக முடிந்திருந்தது. மொத்தம் 105 மணி 33 நிமிடம். அதற்கு முன் 2019-இல் கத்தார் தலைநகர் தோஹாவில் 25 கிலோமீட்டர் சொச்சம் போட்டதுதான் கின்னஸ் சாதனை. அதற்குப் பத்து நாள் பிடித்தது.

இப்படிப்பட்ட சாதனைகளில் எல்லோர் கண்ணும் கலவையைப் பரப்பும் பேவர் மீதும் அதை இறுக்கும் ரோலர் மீதும்தான் போகும். சாலை வேலை தெரிந்தவர்கள் வேறு ஓர் எண்ணைப் பார்ப்பார்கள். அந்தத் தடத்துக்குச் செலவான கலவை 36,634 டன், அதில் தார் மட்டும் 2,070 டன். நேரத்தால் வகுத்தால், சராசரியாக மணிக்கு 347 டன் கலவை. ஜல்லியையும் தாரையும் கலந்து மணிக்கு 120 டன் தரும் பெரிய பிளான்ட்டுகள் மூன்று, ஒரு நிமிடமும் நிற்காமல் ஐந்தாம் நாள்வரை ஓடினாலே அந்த அளவைத் தொட முடியும். டிப்பருக்கு 20 டன் என்று வைத்தால் 1,800 நடைக்கு மேல். பேவர் நகர்ந்த வேகத்தைத் தீர்மானித்தது பேவர் அல்ல. பின்னால் எங்கோ புகைந்துகொண்டிருந்த பிளான்ட்.

இதே கணக்கை ஒரு கிராமச் சாலைக்குப் போட்டுப் பாருங்கள். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் பரவலாகப் போடப்படுவது 3.75 மீட்டர் அகலச் சாலை. மேலே 20 மில்லிமீட்டர் தடிமனில் தார் ஜல்லிக் கம்பளம். ஒரு கிலோமீட்டருக்கு 75 கன மீட்டர், ஏறத்தாழ 150 டன். மூன்று கிலோமீட்டர் சாலை என்றால் 450 டன். மணிக்கு 60 டன் தரும் பிளான்ட்டுக்கு அது ஒரு நாள் வேலை. ஏழு மீட்டர் அகல நெடுஞ்சாலையில் 40 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கெட்டியான கலவை போடுவதாக இருந்தால், கிலோமீட்டருக்கே 670 டன் வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே இயந்திரத்தைக் கொண்டு செய்யப் பார்ப்பவர் ஏதாவது ஒன்றில் நஷ்டப்படுவார், அல்லது சாலை நஷ்டப்படும்.

கலவை ஏன் வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தயாராக வேண்டும்? காரணம் சூடு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்புப்படி, வி.ஜி. 30 ரகத் தாரில் செய்த கலவை பிளான்ட்டிலிருந்து வெளியே வரும்போது 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சாலையில் பரப்பும்போது 140-க்குக் குறையக் கூடாது. ரோலர் ஓட்டும்போது 90-க்குக் கீழே இறங்கிவிடக் கூடாது. ஆக, பிளான்ட்டுக்கும் பேவருக்கும் இடையே இழக்கக் கூடிய சூடு பத்து முதல் இருபத்தைந்து டிகிரிதான். டிப்பரில் தார்ப்பாய் போட்டு மூடினாலும் ஓரத்திலும் மேற்பரப்பிலும் உள்ள கலவை முதலில் ஆறிக் கட்டிதட்டும். நடுவில் இருப்பது சூடாகவே இருக்கும். அந்தக் கட்டிகள் பேவர் வழியாகச் சாலைக்குப் போனால் அந்த இடம் மட்டும் ரோலருக்கு இறுகாது. முதல் மழையில் தண்ணீர் இறங்குவது அங்கேதான். ஊருக்கு வெளியே நிரந்தரமாக நிற்கும் ஒரு பெரிய பிளான்ட்டிலிருந்து இரண்டு மணி நேரம் மலைப்பாதையில் ஏற்றிப்போகும் கலவைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. பிளான்ட்டையே சக்கரத்தில் ஏற்றிப்போகலாம் என்ற யோசனைக்கு அடிப்படை இதுதான்.

சக்கரத்தில் ஏற மிகவும் வாகான வகை டிரம் மிக்ஸ் பிளான்ட். அதில் ஒரு வரிசையாக நான்கு தொட்டிகள் இருக்கும். முக்கால் ஜல்லி ஒன்றில், அரை ஜல்லி ஒன்றில், கால் ஜல்லி ஒன்றில், கிரஷர் தூசி ஒன்றில். ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் ஒரு பெல்ட். அதன் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் எது எவ்வளவு போக வேண்டும் என்று வைப்பார்கள். எல்லாம் ஒரே கன்வேயரில் சேர்ந்து, எடை காட்டும் லோடு செல்லைத் தாண்டி, சாய்வாகச் சுழலும் நீண்ட உருளைக்குள் விழும். உருளையின் முன்பாதியில் பர்னரின் தழல். உள்சுவரில் பொருத்திய இரும்புத் தகடுகள் ஜல்லியை அள்ளிக்கொண்டு மேலேபோய்த் திரைபோலக் கொட்டும். சூடான காற்று அந்தத் திரை வழியாகப் பாயும். பின்பாதியில் தார் பீய்ச்சப்படும். அங்கேயே கலந்து மறுமுனையில் கலவையாக வெளியே வரும்.

உலர்த்துவதும் கலப்பதும் ஒரே உருளையில் நடப்பதால் உறுப்புகள் குறைவு, உயரம் குறைவு, விலையும் குறைவு. இரண்டு மூன்று டிரெய்லர்களில் மொத்தப் பிளான்ட்டும் அடங்கிவிடும். கான்கிரீட் அஸ்திவாரம் போட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. நிலத்தைச் சமன்செய்து இறுக்கி, இரும்புக் கால்களை இறக்கி நிறுத்தலாம். குஜராத்தின் மேசானா மாவட்டம் இந்த வகை இயந்திரங்களுக்குப் பேர்போனது.

எளிமைக்கு ஒரு விலை இருக்கிறது. டிரம் மிக்ஸில் ஜல்லியை எடை போடுவது ஈரத்தோடு. உருளைக்குள் போன பிறகு யாரும் எதையும் எடை போடுவதில்லை. கன்வேயர் மணிக்கு 100 டன் என்று காட்டுகிறது, ஜல்லியில் 5 சதவீதம் தண்ணீர் என்றால், உண்மையில் போவது 95 டன் கல். ஈரத்தின் அளவை ஆபரேட்டர் கணினியில் போடாவிட்டால், தார் பம்ப்பு 100 டன் கல்லுக்கான தாரையே அனுப்பும். 5.5 சதவீதம் இருக்க வேண்டிய தார் கிட்டத்தட்ட 5.8 ஆகிவிடும். விவரக்குறிப்பு அனுமதிப்பது கூடக்குறைய 0.3 சதவீதம். ஆக, ஒரே ஒரு எண்ணைப் போட மறந்ததில் அனுமதித்த விலகல் முழுவதும் தீர்ந்துபோகிறது. இனி வேறு எந்தச் சிறு பிழைக்கும் இடமில்லை. தார் கூடினால் வெயிலில் மேலே கசியும், லாரிச் சக்கரம் போகும் இடம் பள்ளமாக இறங்கும். மாறாக, நேற்றைய ஈரத்துக்குப் போட்ட எண்ணை மாற்றாமல் இன்று காய்ந்த ஜல்லியை ஓட்டினால் தார் குறையும். ஜல்லி பெயர்ந்து சாலை பொரிந்துபோகும்.

காலையில் குவியலின் அடியிலிருந்து கொஞ்சம் ஜல்லி எடுத்து, எடை பார்த்து, வாணலியில் வறுத்து, மறுபடி எடை பார்த்தால் ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அரை மணி நேர வேலை. இந்தச் சின்னச் சோதனையைத் தினமும் செய்கிற முகாமில் டிரம் மிக்ஸ் நல்ல சாலை தரும். செய்யாத முகாமில் எவ்வளவு விலையுயர்ந்த டிரம் இருந்தாலும் பலனில்லை.

ஈரம் தாரை மட்டும் கெடுப்பதில்லை, எரிபொருளையும் தின்னும். ஒரு டன் கல்லை 30 டிகிரியிலிருந்து 160 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 110 மெகாஜூல் வெப்பம் வேண்டும். அந்த ஒரு டன்னில் இருக்கும் ஒவ்வொரு சதவீத ஈரத்தையும், அதாவது 10 கிலோ தண்ணீரை, ஆவியாக்க 26 மெகாஜூல் போகும். நாலு சதவீத ஈரம் இருந்தால் தண்ணீரை விரட்டும் செலவும் கல்லைச் சூடாக்கும் செலவும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. ஜல்லிகளில் அதிகம் தண்ணீர் பிடிப்பது கிரஷர் தூசி. அதன்மேல் ஒரு கொட்டகை போட்டு, குவியலின் அடித்தளத்தைக் கொஞ்சம் சரிவாக அமைத்தால் தண்ணீர் தானாக வடியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவசரமாகச் சாலை முடிக்க ஓடும் தமிழ்நாட்டு ஒப்பந்ததாரர்களுக்கு இதைவிட மலிவான சிக்கனம் வேறு கிடையாது. ஆனாலும் கொட்டகை இல்லாத முகாம்களே கண்ணில் அதிகம் படுகின்றன. அது மாற வேண்டும்.

பேட்ச் மிக்ஸ் பிளான்ட் வேறு வழியில் போகிறது. அங்கே ஜல்லி முதலில் உலர்கிறது, பிறகுதான் எடை. உலர்த்தும் உருளையிலிருந்து வாளிகள் கோத்த எலிவேட்டர் சூடான ஜல்லியை உச்சிக்கு ஏற்றும். அங்கே அதிரும் சல்லடை அதை அளவுவாரியாகப் பிரித்துத் தனித்தனித் தொட்டிகளில் விடும். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் வேண்டிய எடை மட்டும் கீழே இறங்கும். தாரையும் தனியே நிறுப்பார்கள். எல்லாம் இரட்டைத் தண்டு சுழலும் கலக்கும் தொட்டியில் விழுந்து, சில விநாடி கலந்து, அடியில் நிற்கும் டிப்பரில் கொட்டும். ஒரு சுற்றுக்கு 45 விநாடி என்றால் மணிக்கு 80 சுற்று. சுற்றுக்கு ஒரு டன் போடும் இயந்திரம் மணிக்கு 80 டன் தரும்.

கிரஷரிலிருந்து வந்த முக்கால் ஜல்லியில் அரை ஜல்லி கலந்து கிடந்தால் டிரம் மிக்ஸ் அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். பேட்ச் மிக்ஸின் சல்லடை அதைக் கண்டுபிடித்துப் பிரித்துவிடும். காலையில் அடித்தளத்துக்கான பருமனான கலவை, மதியம் மேல்தளத்துக்கான நெருக்கமான கலவை என்று மாற்றவும் இதில் நேரம் ஆகாது. அடுத்த சுற்றிலேயே மாற்றலாம். டிரம் மிக்ஸில் ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் முதலிலும் கடைசியிலும் வரும் கலவை சரியாக இருக்காது, ஒதுக்கிக் கொட்ட வேண்டும்.

பேட்ச் மிக்ஸுக்கு இவ்வளவு வசதி இருந்தும் அமெரிக்காவில் நேர்மாறான ஒரு நிலை இருப்பது யோசிக்க வைக்கிறது. 1870-இல் கம்மர் என்ற நிறுவனம் அங்கே முதல் மையக் கலவை நிலையங்களைத் திறந்தது. இன்றைய பிளான்ட்டின் முக்கிய உறுப்புகள் எல்லாம் கொண்ட முதல் நிலையத்தை 1901-இல் வாரன் பிரதர்ஸ் மாசசூசெட்ஸில் கட்டினார்கள். அப்படித் தொடங்கிய நாட்டில் 1970-களுக்குப் பிறகு டிரம் வகையே பெருகிவிட்டது; ஐரோப்பாவோ இன்னும் பேட்ச் வகையிலேயே அதிகம் நிற்கிறது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரே கலவை ஓடும் பெருஞ்சாலைகள் உண்டு. கிரஷர்களும் அளவு பிசகாத ஜல்லியைத் தருகின்றன. ஐரோப்பிய நகரத்து நிலையத்துக்கு ஒரே நாளில் பல வாடிக்கையாளர், பல ரகக் கலவை. இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலை ஒப்பந்தங்கள் பலவும் பேட்ச் மிக்ஸ்தான் வேண்டும் என்று நிபந்தனை போடுகின்றன. கிரஷர் ஜல்லியின் அளவு நாளுக்கு நாள் மாறும் நாட்டில் அது நியாயமான நிபந்தனை. டிரம் மோசமானது என்பதல்ல காரணம். பிழையைப் பிடிக்க இன்னொரு வாய்ப்பு தேவைப்படுகிறது.

பேட்ச் மிக்ஸைச் சக்கரத்தில் ஏற்றுவது கஷ்டம். சல்லடை, சூட்டுத் தொட்டிகள், எடைத் தொட்டி, கலக்கும் தொட்டி, அதற்கடியில் டிப்பர் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கோபுரம் அது. நடமாடும் வடிவத்தில் இந்தக் கோபுரத்தைக் குறுக்குகிறார்கள், மடக்குகிறார்கள். சல்லடைத் தட்டுகளைக் குறைத்து, சூட்டுத் தொட்டிகளைச் சிறிதாக்கி, கலவையைச் சேமிக்கும் சைலோவை விட்டுவிடுகிறார்கள். சைலோ இல்லையென்றால் டிப்பர் வரத் தாமதமாகும் ஒவ்வொரு தடவையும் பிளான்ட் நிற்கும். விளம்பரத்தில் 100 டன் என்று எழுதியிருந்தாலும் கைக்கு வருவது அதில் எவ்வளவு என்பது டிப்பர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஜெர்மனியின் லின்டெக் நிறுவனம் இந்த உயரப் பிரச்சினைக்கு வேறு வழி கண்டது. உலர்த்தும் உருளையைச் சுற்றியே சல்லடையை அமைத்துவிட்டார்கள். எலிவேட்டரும் அதிரும் சல்லடையும் தேவையில்லாமல் போயின. முழுப் பிளான்ட்டும் கப்பல் கன்டெய்னர்களுக்குள் அடங்குகிறது. துறைமுகத்தில் சாதாரணச் சரக்குபோல இறக்கலாம் என்பதால் தீவுகளுக்கும் தொலைநாட்டு வேலைகளுக்கும் இது பொருத்தம். ஆனால் மாதம் ஒரு முறை இடம் மாறுகிறவருக்கு கிரேன் வாடகை கட்டுப்படியாகாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. ஜல்லி தொடர்ச்சியாகவே போகும், ஆனால் உருளையில் உலர்த்துவது மட்டும் நடக்கும். கலப்பதற்கு உருளைக்கு வெளியே இரட்டைத் தண்டுத் தொட்டி. தார் தழலின் பக்கமே போகாது. டிரெய்லரிலும் அடங்கும். நடுத்தர ஒப்பந்ததாரர்கள் இன்னும் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டிய வகை இது.

தழலும் தாரும் ஒரே உருளைக்குள் இருப்பது ஏன் பிரச்சினை என்பது பழைய தார் மறுபடி சாலைக்கு வரத் தொடங்கிய பிறகுதான் பலருக்கும் உறைத்தது. தமிழ்நாட்டில் சாலைமேல் சாலையாகப் போட்டுப் போட்டு வீட்டு வாசல்கள் பள்ளத்துக்குள் போயின. மழைநீர் தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்தது. 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று உத்தரவிட்டார். சுரண்டி எடுத்ததில் நல்ல ஜல்லியும் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கிய தாரும் இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2015-இல் இதற்கென்றே ஐ.ஆர்.சி. 120 என்ற வழிகாட்டியை வெளியிட்டது.

ஜல்லியும் சூடும் ஒரே திசையில் போகும் சாதாரண டிரம்மில் இந்தப் பழைய பொருளை முன்பக்கமாகப் போட்டால் தழல் அதிலுள்ள தாரை எரித்துவிடும். நீலப் புகை கிளம்பும். அதனால் நடுவில் ஒரு கழுத்துப் பட்டை வைத்து அதன் வழியே போடுகிறார்கள். அப்படியும் கொஞ்சம்தான் போட முடியும். எதிர்த்திசை டிரம்மில் ஜல்லி ஒரு முனையிலிருந்து வரும், பர்னர் மறுமுனையில் இருக்கும். ஜல்லி தழலைத் தாண்டி அதன் பின்னால் போன பிறகே தாரும் பழைய பொருளும் சேரும். வெளியேறும் புகை, உள்ளே வரும் ஈர ஜல்லிக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போவதால் எரிபொருளும் மிச்சம். அமெரிக்காவின் ஆஸ்டெக் நிறுவனம் ஓர் உருளைக்கு வெளியே இன்னோர் உறை வைத்து, உள்ளே உலர்த்தி, இடைவெளியில் கலக்கும் இரட்டை உருளையை இந்தக் கொள்கையில்தான் செய்தது. சுரண்டிய தாரை வீணாக்காமல் பயன்படுத்த நினைக்கும் மாநகராட்சிகள், ஒப்பந்தப் புள்ளி கேட்கும்போதே எதிர்த்திசை என்று எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நல்ல பொருள் பள்ளம் நிரப்பும் குப்பையாகத்தான் போகும்.

நெகிழிச் சாலையிலும் பிளான்ட்டின் வகை முக்கியம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்த முறையில், துண்டாக்கிய நெகிழி முதலில் சூடான ஜல்லியின் மேல் உருகிப் படிய வேண்டும். அதற்குப் பிறகே தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஐ.ஆர்.சி.யும் எஸ்.பி. 98 என்ற வழிகாட்டியை 2013-இல் கொண்டுவந்தது. பேட்ச் மிக்ஸில் இந்த வரிசையைக் கடைப்பிடிப்பது எளிது: கலக்கும் தொட்டியில் சூடான ஜல்லி விழுந்ததும் நெகிழியைப் போட்டு, சில விநாடி விட்டு, தாரைத் திறக்கலாம். டிரம் மிக்ஸில் தழலைத் தாண்டிய பிறகும் தார் வருவதற்கு முன்பும் உள்ள குறுகிய இடத்தில் நெகிழியை ஊதிவிட வேண்டும். அதற்குத் தனிக் குழாய் தேவை, சரியான இடத்தில் தேவை. கன்வேயரில் ஜல்லியோடு நெகிழியைத் தூவி அனுப்பினால் அது தழலில் எரிந்து புகையாகத்தான் போகும்.

டிராக்டர் இழுத்துப்போகும் சிறு பிளான்ட்டைப் பற்றி எழுதும்போது இயந்திரத்தைவிட ஆட்களைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது. மணிக்கு 6 முதல் 10 டன் வரை தரும் இவை டீசல் இஞ்சினில் ஓடும். பெரும்பாலும் இரண்டு உருளைகள்: ஒன்றில் ஜல்லி சூடாகும், இன்னொன்றில் தார் சேர்ந்து கலக்கும். ஜல்லியை இரும்புச் சட்டியில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். எந்த ஜல்லி எத்தனை சட்டி என்பதே விகிதம். பக்கத்தில் விறகு அடுப்பில் தார் கொதிக்கும். காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பெண்கள் அந்தப் புகைக்குள்ளேயே நாள் முழுக்க நிற்பார்கள். இந்த இயந்திரம் நுழையும் சந்துக்கு வேறு எதுவும் நுழையாது என்பது உண்மை. குழி அடைக்கவும், ஐம்பது நூறு டன் வேலைக்கும் இது வேண்டியிருக்கிறது. ஆனால் மூன்று கிலோமீட்டர் சாலைக்கு இதைப் பயன்படுத்துவதை அனுமதிக்கவே கூடாது. சூடு ஒரே சீராக இருக்காது, தாரின் அளவு ஆளுக்கு ஆள் மாறும், புகையைப் பிடிக்க ஒன்றும் இருக்காது. இந்தத் தொழிலின் புகை எவ்வளவு தீவிரமானது என்பதற்கு ஒரு சான்று: டெல்லி மாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் நகரை விட்டு வெளியேறச் சொன்ன தொழில்களில் செங்கல் சூளைகளோடு ஹாட் மிக்ஸ் பிளான்ட்டுகளும் இருந்தன.

பெரிய நடமாடும் பிளான்ட்டுகளிலும் புகைக்குழாயின் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். மலிவானது, தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கும் அமைப்பு. அதில் நுண்ணிய தூசி சேறாகிக் குழியில் தேங்கும். அந்தத் தூசிதான் கலவையின் இடுக்குகளை அடைக்க வேண்டிய பொருள். நெருக்கமான மேல்தளக் கலவையின் முதல் ரகத்தில் 75 மைக்ரான் சல்லடையைத் தாண்டும் தூள் 2 முதல் 8 சதவீதம் இருக்க வேண்டும். சேறாக்கி வெளியே கொட்டிவிட்டு, அதே வேலைக்குச் சுண்ணாம்புத் தூளோ சிமென்ட்டோ காசு கொடுத்து வாங்குகிறார்கள். பை வடிகட்டி வைத்த பிளான்ட் தூசியைப் பிடித்து மறுபடி கலவைக்கே அனுப்பும். விலை கூடுதல்தான், பைகள் 200 டிகிரிக்கு மேல் தாங்காது என்பதால் ஆபரேட்டர் கவனமாகவும் இருக்க வேண்டும். பக்கத்து வயல்காரரின் பயிரில் சாம்பல் படியாது என்பதை யோசித்தால் அந்த விலை அதிகமில்லை.

பர்னரே இல்லாத பிளான்ட்டுகளும் இந்தக் குடும்பத்தில் உண்டு. வடகிழக்கு மாநிலங்களில் வருடத்தில் பாதி மழை. ஜல்லி காய்வதே இல்லை. அங்கே கிராமச் சாலைகளுக்குக் குளிர் கலவை கைகொடுத்தது. தாரை நுண்துளிகளாகத் தண்ணீரில் மிதக்கவிட்ட எமல்ஷனை ஈர ஜல்லியோடு அப்படியே கலக்கலாம். நெருப்பில்லை, புகையில்லை, தொழிலாளியின் கை சுடாது. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் இதில் நிறைய உழைத்திருக்கிறது, 2014-இல் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 100 என்ற வழிகாட்டியும் வந்தது. கலக்கும் இயந்திரம் கான்கிரீட் மிக்ஸர் அளவுக்குச் சிறியது, எந்த மலைக்கும் ஏறும். தண்ணீர் பிரிந்து தார் கெட்டிப்படும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும், போட்ட உடனே பெருமழை பெய்தால் எமல்ஷன் கழுவிப் போய்விடும் என்பதும் இதன் குறைகள். கனரக லாரி ஓடும் சாலையின் மேல்தளத்துக்கு இது போதாது.

நுரைத் தார் அடுத்தபடி. 1956-இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாடிஸ் சானி சூடான தாருக்குள் நீராவியைச் செலுத்தி நுரையாக்கிக் காட்டினார். பின்னர் ஆஸ்திரேலியாவில் மோபில் நிறுவனம் நீராவிக்குப் பதில் குளிர்ந்த தண்ணீரையே பயன்படுத்தி எளிதாக்கியது. எடையில் இரண்டு மூன்று சதவீதம் தண்ணீர் பட்டதும் தார் பத்து மடங்குக்கு மேல் பொங்கும். அந்த நொடியில் சூடாக்காத ஜல்லியிலும் ஒட்டும். ஜெர்மனியின் விர்ட்கன் நிறுவனத்தின் கே.எம்.ஏ. வகை இயந்திரம் ஒரே டிரெய்லரில் இதைச் செய்கிறது. சுரண்டிய பழைய தாரையே பெரும்பங்கு மூலப்பொருளாக்கி, சாலையின் அடித்தளத்துக்குக் கலவை தரும். மேல்தளத்துக்குத் தனியே சூடான கலவை வேண்டும் என்பதால் இது சூட்டுப் பிளான்ட்டுக்கு மாற்று அல்ல, அதன் சுமையைக் குறைக்கும் துணை.

இவ்வளவு வகைகளையும் பார்த்துவிட்டு, ஒரு மாவட்டத்துக்குள் வருடத்துக்கு ஐந்தாறு கிராமச் சாலைகளும் ஒரு மாநில நெடுஞ்சாலை வேலையும் எடுக்கும் ஒப்பந்ததாரர் எதை வாங்கலாம்? மணிக்கு 40 முதல் 60 டன் தரும் எதிர்த்திசை டிரம், பை வடிகட்டியோடு, சின்னதாக ஒரு சைலோவோடு. சைலோவிலிருந்து டிப்பரில் ஏற்றும்போது முன்னால் ஒரு கொட்டு, பின்னால் ஒரு கொட்டு, கடைசியில் நடுவில் என்று மூன்று தடவையாகக் கொட்டச் சொல்ல வேண்டும். ஒரே குவியலாகக் கொட்டினால் பெரிய ஜல்லி ஓரத்துக்கு உருண்டு பிரிந்துவிடும். தேசிய நெடுஞ்சாலை வேலை ஒன்று கிடைத்து ஒன்றரை வருடம் ஒரே இடத்தில் நிற்கப் போகிறார் என்றால் நிரந்தர பேட்ச் மிக்ஸ் போடுவதே சரி. சக்கரத்துக்காகச் சல்லடையை இழப்பதில் அர்த்தமில்லை.

இடம் மாற்றியதும் செய்ய வேண்டிய ஒரு வேலை பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. குண்டும் குழியுமான சாலையில் நூறு கிலோமீட்டர் ஆடிக்கொண்டே வந்த லோடு செல் பழைய எடையைக் காட்டும் என்று நம்ப முடியாது. முதல் நாள் பர்னரைப் பற்றவைக்காமல், ஒவ்வொரு தொட்டியாகத் திறந்து, பத்து நிமிடம் ஜல்லியை நேரே டிப்பரில் ஓட்ட வேண்டும். டிப்பரைப் பக்கத்து எடைமேடைக்கு அனுப்பி, அங்கே வரும் எடையைப் பேனலில் காட்டிய எடையோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். தார் பம்ப்புக்கும் இதேபோல், ஒரு பீப்பாயில் சில நிமிடம் ஓட்டி நிறுத்துப் பார்க்க வேண்டும். நாலு தொட்டிக்கும் பம்ப்புக்கும் சேர்த்து ஒரு பகல் ஆகும். அந்த எண்களை எழுதிய தாளைச் சாலை ஆய்வாளர் முதல் நாளே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். விவரக்குறிப்பு அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது.